இல்லாதவரின் கண்

1616 மார்ச் 25 அன்று ஷேக்ஸ்பியர் தமது உயிலில் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்துக்குள் இறந்தும் போனார். சொத்தை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை மூத்த மகள் சூசன்னாவிடமும் மருமகன் ஜான் ஹாலிடமும் விட்டிருந்தார். அவர்கள் அதைச் சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க இன்னும் இரண்டு பேர்: தாமஸ் ரஸ்ஸல், பிரான்சிஸ் காலின்ஸ். ரஸ்ஸலுக்கு 5 பவுண்டும், வக்கீல் காலின்ஸுக்கு 13 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸும் எழுதிவைத்தார். உயிலில் இந்த இருவருக்கும் தரப்பட்ட பெயர் 'ஓவர்சீயர்'. அக்காலத்து ஆங்கில உயில்களில் இது சகஜம். மகள்மேலும் மருமகன்மேலும் சந்தேகம் என்று அர்த்தமில்லை. செத்தவர் எழுந்துவந்து கணக்குக் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

நமக்குப் பழக்கமான ஓவர்சீயர் வேறு ஆள். ரோடு போடும் இடத்தில் டேப்பைப் பிடித்து அளந்து, 'எம் புக்' என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்றி, காண்ட்ராக்டரின் பில் பாஸாக வழிசெய்கிறவர். வெள்ளைக்காரர் காலத்துப் பொதுப்பணித் துறையில் இன்ஜினியருக்குக் கீழே, மேஸ்திரிக்கு மேலே என்று உருவான பதவி அது. உயிலானாலும் ரோடானாலும் வேலை ஒன்றுதான்: நேரில் வர முடியாத ஒருவருக்காகப் போய்ப் பார்ப்பது. 'ஓவர்சீ' என்ற வினைச்சொல்லின் வரலாறு நெடுக இந்த வர முடியாதவர் இருக்கிறார். ஆனால் சொல்லுக்குள் அவர் இல்லை. மேலே என்ற ஒரு துண்டு, காண் என்ற ஒரு துண்டு. எங்கே நின்று பார்ப்பது என்பதை மட்டும் அது சொல்கிறது, யாருக்காகப் பார்ப்பது என்பதைச் சொல்வதில்லை. அந்த இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார்களோ அவர்களைப் பொறுத்தே இந்தச் சொல்லுக்குக் கௌரவமோ கெட்ட பெயரோ வந்து சேர்ந்தது என்பது என் கட்சி.

சொல் பழையது. பழைய ஆங்கிலத்திலேயே 'ஓஃபர்சேயோன்' என்ற வடிவில் உண்டு. மேலிருந்து பார்த்தல் என்பது அதன் நேர்ப்பொருள். பிறர் வேலையை மேற்பார்த்தல் என்ற பொருள் இடைக்காலத்தில் கெட்டிப்பட்டது. 'ஓவர்சீயர்' என்ற பெயர்ச்சொல் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் புழக்கத்துக்கு வருகிறது. இதுவரை கதையில் சிக்கல் இல்லை. சிக்கல், இந்தச் சொல்லும் இதன் பங்காளிகளும் நேரெதிர்ப் பொருளையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்ததில்தான்.

'ஓவர்லுக்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 14ஆம் நூற்றாண்டில் அதற்கு உற்றுப் பார்த்தல், சோதித்தல் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனிக்காமல் விட்டுவிடுதல் என்ற பொருள் சேர்ந்தது. இன்று அதுதான் முதற்பொருள். 'ஓவர்சைட்' இன்னும் விசித்திரம். 14ஆம் நூற்றாண்டில் மேற்பார்வை. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் கவனப்பிசகு. இரண்டு பொருளும் இன்றுவரை சண்டையில்லாமல் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. மேற்பார்வைக் குழுவின் பெயரிலும், அந்தக் குழு கோட்டைவிட்டதற்கு வருத்தம் தெரிவிக்கும் கடிதத்திலும் ஒரே சொல் வரலாம். ஜெர்மன் மொழியிலும் இதே கூத்து: 'ஊபர்ஸேயன்' என்றால் முழுவதையும் ஒரு பார்வையில் காண்பதும் உண்டு, கண்ணில் படாமல் விட்டுவிடுவதும் உண்டு.

காரணம் 'மேல்' என்ற முன்னொட்டில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். பார்வை மேலாகத் தாண்டிப்போனால் கீழே இருப்பது விட்டுப்போகும். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் 'ஓவர்சீன்' என்ற வடிவத்துக்கு ஏமாந்துபோனவர், தவறு செய்தவர் என்று பொருள். குடித்து நிலைதவறியவர் என்றும் பொருள் இருந்தது. 'ஓவர்லுக்' செய்வதற்குக் கண்ணேறு போடுவது என்ற பொருளும் உண்டு. வெனிஸ் வணிகன் நாடகத்தில் பசானியோவின் கண்களைப் போர்ஷியா செல்லமாகச் சபிக்கும்போது அந்தப் பொருளில்தான் இச்சொல்லைப் பயன்படுத்துகிறாள். ஒருவரை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அவருக்கு ஆகாது என்ற எண்ணம் இங்கிலாந்துக்கும் புதிதல்ல.

இதை வைத்துக்கொண்டு, 'ஆகவே மேற்பார்வை என்றாலே கண்மூடித்தனம்' என்று தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லின் வேரைப் பார்த்து மனிதர்களின் குணத்தைச் சொல்வது ஜாதகம் பார்ப்பது போலத்தான். பலித்தாலும் அது ஆதாரமாகாது. ஆதாரம் வேண்டுமானால் அந்தச் சொல்லைத் தாங்கிய பதவிகளைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் லத்தீன் வழி வந்த பங்காளிகளையும் ஒரு கை பார்த்துவிடலாம்.

'ஓவர்சீ'யை லத்தீனில் துண்டுக்குத் துண்டு வைத்தால் 'சூப்பர்விடேரே' வரும்: மேல், காண். அதிலிருந்து நேராக எடுத்தது 'சூப்பர்வைஸ்'. பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றிவந்தது 'சர்வே'. ஆக நம் ஊர் சூப்பர்வைசரும் சர்வேயரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1794இல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளியிலிருந்துதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி வளர்ந்தது. 1802இல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்ப்டன் அளந்த அடிக்கோடு இந்தியாவையே மேலிருந்து பார்க்கும் பெரு முயற்சியின் முதல் கோடு. அங்கே நேரில் வர முடியாத எசமான் லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி.

'சூப்பர்வைஸ்' முதலில் ஆட்களைப் பற்றிய சொல்லே அல்ல. எழுதியதைப் படித்துப் பார்ப்பது என்ற பொருளில்தான் அது ஆங்கிலத்துக்குள் வந்தது. ஷேக்ஸ்பியரின் ஒரு நகைச்சுவை நாடகத்தில் ஹோலோபெர்னீஸ் என்ற வாத்தியார், பிறர் எழுதிய காதல் கவிதையைக் குறைகண்டு பார்க்க இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். ஹாம்லெட்டைக் கொல்லச் சொல்லும் கடிதம் படித்த மாத்திரத்தில் நிறைவேற வேண்டும் என்பதையும் இதே சொல்தான் தாங்குகிறது. ஒதெல்லோவின் 1622ஆம் ஆண்டுப் பதிப்பில் இயாகோ ஒதெல்லோவை 'சூப்பர்வைசர்' என்கிறான். மனைவியின் துரோகத்தை நேரில் நின்று வாய்பிளந்து பார்க்கும் ஆளாக இருக்க ஆசையா என்று குத்துகிறான். அடுத்த ஆண்டின் பெரும்பதிப்பில் அந்தச் சொல்லும் மாறிவிட்டது. வேலையாட்களை மேற்பார்ப்பது என்ற பொருள் அதற்கு வந்தது 1640களில்தான்.

எல்லாவற்றிலும் மூத்தது கிரேக்கச் சொல். 'எபிஸ்கோபோஸ்': மேலே நின்று பார்ப்பவர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் தனக்கு அடங்கிய நகரங்களுக்கு அனுப்பிய அதிகாரிகளுக்கு இந்தப் பெயர். கி.மு. 414இல் மேடையேறிய அரிஸ்டோபேனஸின் பறவைகள் நாடகத்தில் அப்படி ஓர் அதிகாரி புதிதாகக் கட்டிய பறவை நகரத்துக்கு வந்து இறங்குகிறார், அடிவாங்கித் துரத்தப்படுகிறார். ஏதென்ஸ் ஜனங்கள் சிரித்திருப்பார்கள் என்றால் அந்த அதிகாரிகளின் பெயர் எந்த லட்சணத்தில் இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அதே சொல்லைத்தான் ஆதித் திருச்சபை தன் தலைவர்களுக்கு வைத்தது. அது லத்தீன் வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்தில் 'பிஷப்' ஆயிற்று. வரமுடியாதவர் இடத்தில் ஏதென்ஸ் போய்க் கடவுள் வந்தார். சொல்லின் மதிப்பு எங்கேயோ ஏறிவிட்டது.

பிஷப் என்ற பெயரில் ரோமாபுரி வாசனை அடிக்கிறது என்று ஒதுங்கிய சீர்திருத்தச் சபைகள் அதே கிரேக்கச் சொல்லின் லத்தீன் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டன: 'சூப்பரின்டெண்டென்ட்'. 1560இல் ஸ்காட்லாந்துச் சபை தன் மண்டலத் தலைவர்களுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் 1784இல் தாமஸ் கோக்கை அமெரிக்காவுக்கு சூப்பரின்டெண்டென்டாகத்தான் அனுப்பினார். போன இடத்தில் கோக்கும் அங்கே அவருடைய சக சூப்பரின்டெண்டென்டான ஆஸ்பரியும் சில ஆண்டுகளில் தங்களை பிஷப் என்று அழைத்துக்கொள்ளத் தொடங்க, கிழவர் கொதித்துப்போய் 1788இல் ஆஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். பொருள் ஒன்றுதானே என்று அவருக்குத் தெரியாதா? அவர் கிரேக்கம் கரைத்துக் குடித்தவர். பொருள் ஒன்றானாலும் பவிசு ஒன்றல்ல என்பதும் அவருக்குத் தெரியும். அதே பட்டம் இங்கே சிறைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் வந்து 'சூப்பிரண்டு' ஆனது தனிக்கதை.

இனி தரையில் நின்ற ஓவர்சீயர்கள். இங்கிலாந்தின் ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி 'ஏழைகளின் ஓவர்சீயர்'கள் இருந்தார்கள். ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டி, ஊரில் வசதியான குடும்பஸ்தர்கள் இரண்டிலிருந்து நான்கு பேரை இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட்டு நியமிப்பார்கள். சம்பளம் கிடையாது. மாதம் ஒருமுறையாவது ஞாயிறு பூசை முடிந்து பிற்பகலில் கோயிலிலேயே கூட வேண்டும்; காரணமில்லாமல் வராவிட்டால் 20 ஷில்லிங் அபராதம். ஊராரிடம் வரி வசூலிப்பது, வேலை செய்யக்கூடியவர்களுக்கு வேலை கொடுப்பது, முடவர்களையும் குருடர்களையும் முதியவர்களையும் காப்பது, ஏழைப் பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்புவது எல்லாம் இவர்கள் தலையில்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரி கொடுப்பவர்கள் ஓவர்சீயரின் அக்கம்பக்கத்தார். அவரும் அவர்களில் ஒருவர். ஏழை ஒருவர் கூடினால் அவர் பையிலிருந்தும் காசு போகும். 1662இல் வந்த குடியேற்றச் சட்டம் இந்தக் கண்ணுக்குப் புதிய வேலை கொடுத்தது. ஊருக்குப் புதிதாக வந்து, நாளைக்கு உதவி கேட்கக்கூடும் என்று தோன்றுகிறவரை 40 நாட்களுக்குள் ஓவர்சீயர் புகார்செய்து சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாம். முறைப்படி மணமாகாதவளின் குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரின் பொறுப்பு. அதனால் வயிற்றுப்பிள்ளையோடு வந்தவளைப் பிரசவத்துக்கு முன் எல்லை தாண்ட வைப்பதில் ஊர்கள் போட்டிபோட்டன. 1697இல் இன்னொரு சட்டம் வந்தது: உதவி பெறுகிறவர் வலது கையின் தோள்பட்டையில் சிவப்பு அல்லது நீலத் துணியில் 'பி' என்ற எழுத்தை, ஊர்ப்பெயரின் முதலெழுத்தோடு தைத்துக்கொள்ள வேண்டும். 1810வரை அது சட்டப்புத்தகத்தில் இருந்தது. பார்ப்பவருக்குச் சிரமம் இருக்கக் கூடாதல்லவா!

பெயரில் ஏழைகளின் ஓவர்சீயர்; கண் மட்டும் வரிகட்டுகிறவர்களுடையது. எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல முடியாது. பலர் வெண்ணெயும் விறகும் சவப்பெட்டியும் வாங்கிக்கொடுத்துக் கணக்கெழுதிய நோட்டுகள் இங்கிலாந்தின் ஆவணக் காப்பகங்களில் குவிந்து கிடக்கின்றன. 1834இன் புதிய சட்டம் ஏழைகளை வேறு கையில் கொடுத்த பிறகு இவர்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் வரி வசூல். 1925இல் வந்த சட்டம் ஒன்று 1927இல் இந்தப் பதவியையே எடுத்துவிட்டது.

இதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் இச்சொல் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தது. 1642இல் ஹார்வர்டு கல்லூரியைக் கவனித்துக்கொள்ள அமைக்கப்பட்ட சபைக்கு 'ஓவர்சீயர் சபை' என்று பெயர். அதில் இடம் கிடைப்பது இன்றும் கௌரவம். தெற்கே புகையிலைத் தோட்டத்தில் சவுக்கோடு நின்ற ஆளுக்கும் அதே பெயர். எசமான் நகரத்து மாளிகையிலோ பிலடெல்பியாவிலோ இருப்பார். ஜார்ஜ் வாஷிங்டன் வெளியூரில் இருந்தபோதும் மவுண்ட் வெர்னான் பண்ணைகளிலிருந்து வாராவாரம் அறிக்கை வந்தாக வேண்டும். அவருடைய ஓவர்சீயர்களில் டேவி கிரே போன்ற அடிமைகளும் இருந்தார்கள். வெள்ளைக்கார ஓவர்சீயர்களுக்குப் பல இடங்களில் விளைச்சலில் பங்கு பேசியிருந்தது. மண் நாசமானால் அவருக்கென்ன, அடிமையின் உடம்பு கெட்டால் அவருக்கென்ன. இந்த ஆண்டு மூட்டை எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அந்தக் கண்ணின் கீழ் வாழ்ந்து தப்பி வந்து எழுதியவர் பிரெடரிக் டக்ளஸ். 1845இல் வெளியான தமது வாழ்க்கைக் கதையில், மேரிலாந்தில் கர்னல் லாய்டின் தோட்டத்து ஓவர்சீயர் ஆஸ்டின் கோரைப் பற்றிச் சொல்கிறார். டெம்பி என்ற அடிமை சவுக்கடி தாங்காமல் ஓடைக்குள் இறங்கித் தோளளவுத் தண்ணீரில் நின்றுவிட்டார். மூன்று முறை கூப்பிடுவேன் என்றார் கோர், கூப்பிட்டார், வராததால் சுட்டுவிட்டார். எசமான் கேட்டபோது, விட்டிருந்தால் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்திருக்கும் என்று விளக்கம் சொன்னார். விளக்கம் ஏற்கப்பட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் அடிமைகள். அடிமையின் சாட்சி கோர்ட்டில் செல்லாது. ஒருவரின் பார்வை சட்டமாகவும் மற்றவர்களின் பார்வை பூஜ்ஜியமாகவும் இருப்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் வேண்டியதில்லை.

டக்ளஸ் காட்டும் இன்னொரு ஆள் எட்வர்டு கோவி. அடங்காத அடிமைகளைப் பழக்கித்தருவதில் பேர்போனவர். வயலுக்கு நேராக வரமாட்டார். சோளக்கொல்லைக்குள் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்துவந்து திடீரென்று நடுவில் எழுந்து நிற்பார். ஊருக்குப் போவதுபோல் குதிரை ஏறிப் போய், அரை மணியில் வேலியோரம் பதுங்கியிருப்பார். அடிமைகள் தங்களுக்குள் அவரைப் 'பாம்பு' என்றார்கள். அவர் இல்லாதபோதும் இருப்பதாக நினைத்து வேலை நடந்தது.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் வேறொரு ஆள் நினைவுக்கு வருவார். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் கட்டிக்கொண்டுபோன கங்காணி. ஆங்கில அகராதிகளே ஏற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் அது. தோட்டத்துத் துரைக்கு அரசாங்கத் தாளில் சூப்பரின்டெண்டென்ட் என்று பெயர். விடியலில் பெரட்டுக் களத்தில் ஆளை எண்ணியது கங்காணி. தன் ஆட்களில் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தினக்காசு உண்டு. ஒருத்தி காய்ச்சலோடு லயத்தில் படுத்துக்கொண்டால் அவர் வருமானத்தில் அது தெரிந்துவிடும். கூட்டத்தின் கடனை ஒரு 'துண்டு'ச் சீட்டில் எழுதி, அந்தக் கடனைக் கட்டும் தோட்டத்துக்கு ஆட்களை மாற்றிவிடும் முறையை இலங்கையில் 1921இல்தான் ஒழித்தார்கள். மலாயாவுக்கு இப்படி ஆளனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது.

ஆனால் கங்காணி என்ற சொல்லுக்கு அதற்கு முன் வேறு வாழ்வு இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் தர்மம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி'. தமிழ் வேதாகமத்தில் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் எபிஸ்கோபோஸுக்கு வைத்த சொல்லும் கண்காணிதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்ட சொல்லும் திங்கட்கிழமை தேயிலை மலையில் கேட்ட சொல்லும் ஒன்றே. ஓவர்சீக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்தது: பார்ப்பவர் ஒருவரே, பார்க்கச் சொன்னவர் மாறிவிட்டார்.

பார்ப்பவரையே எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தவர் ஜெரமி பெந்தம். யோசனையின் மூலம் தம்பி சாமுவேல். ரஷ்யாவில் பொட்டெம்கின் பிரபுவின் கிரிச்செவ் பண்ணையை நடத்திக்கொண்டிருந்தவருக்கு, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த தொழிலாளர்களைக் கட்டிமேய்ப்பது பெரும்பாடாக இருந்தது. நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் சுற்றிலும் எல்லோரும் தெரியும்படி வட்டக் கட்டடம் ஒன்றைத் திட்டமிட்டார். அண்ணன் அங்கே தங்கியிருந்தபோது 1787இல் அதைக் கடிதங்களாக விரித்து எழுதினார். 1791இல் 'பனாப்டிகான்' என்று அச்சானது. சிறை, தொழிற்சாலை, பைத்தியக்கார விடுதி, பள்ளிக்கூடம் எதற்கும் ஆகும் என்றார். நடுவில் இருப்பவர் தெரியமாட்டார் என்பதே அதன் சூட்சுமம். கோவி சோளக்கொல்லையில் முழங்கால் தேயச் செய்ததை இங்கே சுவரும் ஜன்னல் மறைப்பும் செய்துவிடும். அந்த நாற்காலியில் ஆளே இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

இந்தக் கட்டடத்தைத் தூசிதட்டி உலகப் பிரசித்தமாக்கியவர் மிஷேல் ஃபூக்கோ. 1975இல் வந்த அவருடைய புத்தகத்தின் பிரெஞ்சுத் தலைப்பில் 'சுர்வெயே' என்ற வினைச்சொல் இருக்கிறது. மொழிபெயர்த்த ஆலன் ஷெரிடன் ஆங்கிலத்தில் அதற்கு ஈடு தேடி அலைந்ததை முன்குறிப்பில் சொல்லியிருக்கிறார். பெந்தமின் 'இன்ஸ்பெக்ட்' பொருந்தவில்லை, 'அப்சர்வ்' சப்பென்றிருந்தது, கிட்டத்தட்ட வந்தது 'சூப்பர்வைஸ்', அதற்கும் வேறு வாசனை. கடைசியில் ஃபூக்கோவே பார்த்தலை விட்டுவிட்டு ஒழுங்குபடுத்தல் என்ற பொருளில் தலைப்பு வைக்கச் சொன்னார். பெயர்ச்சொல்லான 'சர்வைலன்ஸ்' மட்டும் பிரெஞ்சுப் புரட்சியின் கண்காணிப்புக் கமிட்டிகளின் நினைவோடு ஆங்கிலத்துக்குள் முன்னரே வந்துவிட்டது. அதிலிருந்து 'சர்வைல்' என்று ஒரு வினையைப் பிய்த்தெடுத்தது பிற்பாடு.

தோட்டத்து வாடை ஒட்டிக்கொண்ட 'ஓவர்சீயர்' பின்வாங்க, 'ஓவர்சைட்' முன்னுக்கு வந்தது. இன்று அது அமெரிக்க அரசியலின் செல்லச் சொல். அங்கே வரமுடியாதவர் இடத்தில் பொதுமக்கள் இருப்பதாக ஐதீகம். 2001இல் எரிசக்தி நிறுவனமான என்ரான் கவிழ்ந்தபோது அந்த ஐதீகம் ஆட்டம் கண்டது. அதன் கணக்கைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தணிக்கைக்கு 2.5 கோடி டாலரும், அதே கம்பெனிக்கு ஆலோசனை சொன்னதற்கு 2.7 கோடி டாலரும் வாங்கியிருந்தது. பங்குதாரருக்காகப் பார்க்க வேண்டிய கண்ணுக்கு யார் படியளந்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2002இல் தணிக்கையாளர்களையே மேற்பார்க்க ஓர் 'ஓவர்சைட்' வாரியம் அமைத்தார்கள். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்த வால் ஸ்ட்ரீட் குறும்பர்கள் வைத்த பெயர் 'பீக்-அ-பூ': முகத்தைக் கையால் மூடித் திறந்து குழந்தைகளுக்குக் காட்டும் விளையாட்டு.

இப்போது இந்தச் சொல் இயந்திரத்தின்மேல் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில் 14ஆவது பிரிவின் தலைப்பே மனித 'ஓவர்சைட்'. ஆபத்து மிகுந்த பயன்பாடுகளை மனிதர் மேற்பார்க்க வேண்டும்; இயந்திரம் சொன்னதை அப்படியே நம்பிவிடும் பழக்கம் தமக்கும் வரக்கூடும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். தொலைவிலிருந்து முகம் பார்த்து இன்னார் என்று இயந்திரம் சொன்னால், தகுதியுள்ள இரண்டு பேர் தனித்தனியே சரிபார்க்காமல் யார்மேலும் நடவடிக்கை கூடாது. அதே பத்தியின் அடுத்த வரியில் ஒரு விலக்கும் இருக்கிறது: காவல், குடியேற்றம், எல்லைக் காவல், அடைக்கலம் ஆகிய துறைகளில் இந்த இருவர் நிபந்தனை மிகையானது என்று ஒன்றியச் சட்டமோ நாட்டுச் சட்டமோ கருதினால் அது பொருந்தாது.